‘பிரின்சஸ் ஹெலெத்’ காத்திருந்த நான்கு மணி நேரம்

அனுப்புநர்
இத்ரிஸ் மாடோக்,
சிக்னல் காப்பாளர், துறைமுக ரயில் நிலையம்,
போர்த் எல்லின், வேல்ஸ்.
(போர்க்காலத்தில் ‘பிரின்சஸ் ஹெலெத்’ கப்பலின் ஆறாம் எண் இறங்கு படகில் மாலுமி)

பெறுநர்
உயர்திரு அலுவலர் அவர்கள்,
போர்க்காலக் கப்பல்களின் பணி வரலாற்றுப் பிரிவு,
கடற்படை ஆவணக் காப்பகம்.

பொருள்: ‘பிரின்சஸ் ஹெலெத்’ என்னும் தரைப்படை இறக்கு கப்பலின் பணி வரலாற்றில் 1944 ஜூன் 6ஆம் நாளுக்கு எதிரே உள்ள குறிப்பைத் திருத்தக் கோருதல், அக்கப்பலின் கேப்டன் காலஞ்சென்ற மெய்ரிக் பரி அவர்களின் பெயர் நகரக் கல்வெட்டில் இடம்பெற வழி செய்யக் கோருதல்.

பார்வை: எங்கள் நகரமன்றத்திற்குத் தாங்கள் 17.2.1948 அன்று அனுப்பிய இரண்டு பக்கப் பணி வரலாறு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களை நான் இதுவரை நாற்பது முறைக்குக் குறையாமல் படித்திருக்கிறேன். குறை சொல்வதற்கு முன் நன்றி சொல்ல வேண்டும். நான் இரண்டு ஆண்டுகள் அந்தக் கப்பலில் உண்டு உறங்கியவன். இருந்தும் அவள் (கப்பலை நாங்கள் ‘அவள்’ என்றுதான் சொல்வோம்) மொத்தம் பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சிப்பாய்களைச் சுமந்தாள் என்பது தங்கள் கடிதம் வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. சண்டைக்கு முன்னால் எங்கள் துறைமுகத்திலிருந்து அயர்லாந்துக்குப் போய்வந்த பயணிகள் கப்பல் அவள். புதுமணத் தம்பதிகளும், சந்தைக்குப் போகும் மாட்டு வியாபாரிகளும், அழும் குழந்தைகளும் ஏறிய கப்பல். அந்தப் படிகளில் ஏறி அத்தனை பேர் சண்டைக்குப் போனார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இன்றும் நம்ப முடியவில்லை.

2. சிறிய பிழைகள் இரண்டு உண்டு. அவளுக்குப் புகைபோக்கி இரண்டு. தாங்கள் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். வட ஆப்பிரிக்காவில் முதன்முதலாகப் படை இறக்கிய நாளில் ‘வானிலை சுமார்’ என்று இருக்கிறது. அன்று என் தலைக்கவசத்தில் நான் மூன்று முறை வாந்தி எடுத்தேன். இவற்றைத் திருத்தினாலும் சரி, விட்டாலும் சரி. நான் இம்மனுவை எழுத நேர்ந்தது இரண்டாம் பக்கத்தில் உள்ள கீழ்க்கண்ட வரியால்:

‘6.6.1944: நார்மண்டி. காலையில் துருப்புகளை இறக்கியது. படகு எண் 6 இழப்பு. கட்டளைக்கு மாறாக நான்கு மணி நேரம் பத்து நிமிடம் தாமதித்துத் திரும்பியது. கேப்டன் கண்டிக்கப்பட்டார்.’

3. எங்கள் நகரமன்றம் துறைமுகச் சுவரில் கற்பலகை ஒன்று பதிக்கத் தீர்மானித்திருக்கிறது. கப்பலின் பெயர், அவள் போன இடங்கள், கீழே கேப்டனின் பெயர் என்று முதலில் முடிவாகியிருந்தது. மார்ச் 9ஆம் தேதிக் கூட்டத்தில் தங்கள் பக்கங்கள் வாய்விட்டுப் படிக்கப்பட்டன. மேற்கண்ட வரி வந்ததும் உறுப்பினர் ஒருவர் சொன்னார்: “அப்போ கேப்டன் பேர விட்டுடலாமே. கப்பல் பேரு மட்டும் போதும். நாளைக்கு யாராவது கேட்டா நமக்குத்தானே சங்கடம்?” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மற்றவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்த கேப்டனின் மனைவி திருமதி நெஸ்டா பரி எழுந்து, கையுறைகளை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

4. நான் கடைசி வரிசையில் இருந்தேன். எழுந்து நின்றேன், ஆனால் பேச வரவில்லை. காரணத்தைத் தங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அந்த நான்கு மணி நேரம் பத்து நிமிடம் கப்பல் யாருக்காகக் காத்திருந்ததோ அவர்களில் நான் ஒருவன். அவளைப் போகச் சொல்லிக் கட்டளை வந்திருந்தது என்பதே அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. காத்திருக்கச் சொல்லித்தான் கட்டளை இருந்தது என்று நான்கு ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தேன். படகில் இருந்த நாங்கள் அனைவரும் அப்படியே நம்பினோம். இங்கிலாந்தில் கரையிறங்கியதும் என் உடைந்த மணிக்கட்டோடு என்னை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறு கப்பல். கேப்டனைக் கரைப் பணிக்கு மாற்றிய செய்தி வந்தபோது, பதவி உயர்வு என்று நினைத்து அவருக்கு வாழ்த்துக் கடிதம் கூட எழுதினேன். அவர் பதில் போட்டார்: ‘மகிழ்ச்சி, மாடோக். கை எப்படி இருக்கிறது?’

5. அன்று நடந்தது இது. காலை ஐந்தே முக்கால் மணிக்குக் கரையிலிருந்து ஏழு மைலில் எங்கள் படகைக் கயிற்றில் இறக்கினார்கள். படகில் முப்பத்து நான்கு சிப்பாய்களும் நாங்கள் நான்கு மாலுமிகளும். சுக்கான் பிடித்தவர் டான் ஷீஹி, அயர்லாந்தில் கார்க் ஊர்க்காரர். ஏழு நாற்பதுக்கு மணலைத் தொட்டோம். சிப்பாய்கள் இறங்கி ஓடினார்கள். பின்வாங்கும்போது நீருக்கடியில் நட்டிருந்த இரும்புக் கம்பம் ஒன்று படகின் வலப்பக்கத்தைக் கிழித்தது. அந்தப் பக்க எந்திரம் நின்றுவிட்டது. என் மணிக்கட்டு முறிந்ததும் அப்போதுதான். மறுபடி கரைக்கு ஏறி, கம்பளியையும் ஷீஹியின் மேலங்கியையும் ஓட்டையில் திணித்துப் பலகை வைத்து அடித்தோம். அதற்குள் கரையில் இருந்த மருத்துவ அதிகாரி ஓடி வந்தார். “நீங்க கப்பலுக்குத்தானே போறீங்க? இவங்களையும் கூட்டிட்டுப் போங்க.” காயம்பட்டவர்கள் இருபத்தேழு பேர். ஷீஹி ஓட்டையைக் காட்டினார். “பாத்தேன்பா. இங்க இருந்தா இவங்க பொழைக்க மாட்டாங்க” என்றார் அதிகாரி.

6. ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பினோம். எதிர்க்காற்று. ஒற்றை எந்திரம். ஓட்டை வழியே நீர் வந்துகொண்டே இருந்தது. நடக்க முடிந்த காயக்காரர்கள் தலைக்கவசத்தால் நீரை மொண்டு வெளியே கொட்டினார்கள். இரண்டு கையும் சரியாக இருந்தவர்கள் குறைவு. ஒருவர் மொள்ள, இன்னொருவர் வாங்கிக் கொட்டினார். பதினொரு மணிவாக்கில் ஒருவர் இறந்தார். அவர் மொண்டுகொண்டிருந்த தலைக்கவசத்தைப் பக்கத்தில் இருந்தவர் எடுத்து மொள்ளத் தொடங்கினார்.

7. கப்பல்கள் திரும்பிப் போவதைத் தொலைவிலிருந்தே பார்த்தோம். ஒன்றன் பின் ஒன்றாக அணிவகுத்து வடக்கே போயின. எங்கள் படகு பத்து மணிக்குள் சேர்ந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு எங்கள் எல்லாருக்கும் தெரியும். வயிற்றில் காயம்பட்ட ஒரு பையன் ஷீஹியைக் கேட்டான்: “நம்ம கப்பல் எது அண்ணே?” ஷீஹி முன்னால் பார்த்தபடியே சொன்னார்: “ரெண்டு புகைபோக்கி இருக்கும்டா. ஒண்ணு கொஞ்சம் சாஞ்சிருக்கும், கல்யாண வீட்ல குடிச்சவன் மாதிரி. தேடிட்டே இரு.” தேடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்ததாக இப்போது எனக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

8. ஒன்றே கால் மணி இருக்கும். அந்தப் பையன்தான் முதலில் பார்த்தான். ஐயா, நான் எழுதப் பழக்கமில்லாதவன். அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலையில் எங்கள் அணிக் கப்பல்கள் நின்றிருந்த கடல் முழுவதும் காலியாக இருந்தது. அதன் நடுவே அவள் தனியாக நின்றாள். காலையில் எங்களை எந்த இடத்தில் இறக்கினாளோ அதே இடத்தில், ஒரு கயிற்றளவு கூட விலகாமல். எங்களூர்ப் படகுத்துறையில் பயணிகள் ஏறுவதற்காக நிற்பாளே, அப்படி. படகில் நீர் மொள்வது கூட ஒரு கணம் நின்றுவிட்டது. பிறகு ஷீஹி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதைவிடப் பக்தியோடு யாரும் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

9. நாங்கள் நெருங்க இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. நெருங்கியதும் அவள் மெல்லத் திரும்பித் தன் நீண்ட பக்கத்தைக் காற்றுக்குக் கொடுத்தாள். அவள் காற்றை மறைத்ததால் நாங்கள் இருந்த பக்கம் கடல் தட்டையாகிவிட்டது. நீர் நிரம்பிய படகைத் தூக்க முடியாது என்பதால், மாட்டு வியாபாரிகள் ஏறும் பக்கக் கதவைத் திறந்து காயக்காரர்களை ஒவ்வொருவராகக் கைமாற்றினார்கள். ஷீஹி மேலே பார்த்துக் கத்தினார்: “மன்னிச்சுக்குங்க கேப்டன், வழியில கொஞ்சம் நெரிசல்!” மேலிருந்து ஒலிக்குழல் வழியே கேப்டன் பரியின் குரல் வந்தது: “டிக்கெட் எல்லார்கிட்டயும் இருக்கா, ஷீஹி?” “இல்லீங்க, எல்லாரும் ஓசிதான்!” “சரி, இன்னிக்கு ஒரு நாள் ஏத்திக்கலாம்.” காயம்பட்டவர்கள் சிரித்தார்கள். இரண்டு இருபதுக்குக் கடைசி ஆள் ஏறினார். ஐந்து நிமிடத்தில் எங்கள் படகு மூழ்கியது. தங்கள் ஏட்டில் ‘படகு எண் 6 இழப்பு’ என்று இருப்பது உண்மைதான். படகுதான் இழப்பு, ஐயா. அதில் வந்த முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

10. நகரமன்றக் கூட்டத்துக்கு மறுநாள் நான் கப்பலின் தலைமைப் பொறியாளராக இருந்த ஓவன் ட்ரெவர் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நான் கேட்டதும் அவர் வெகுநேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு “வாக்குக் கொடுத்துட்டேன்பா” என்றார். “யாருக்கு?” என்றேன். “அவருக்குத்தான். ஆனா அவர் பேர கல்லுல இருந்து எடுக்கறாங்கன்னா அந்த வாக்கு எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னார்.

11. அவர் சொன்னது: பத்து மணி பத்து நிமிடத்துக்கு அணித்தலைமைக் கப்பலிலிருந்து விளக்குச் சிமிட்டலில் செய்தி வந்தது, உடனே வந்து சேரும்படி. ஒரு படகு இன்னும் வரவில்லை என்று கேப்டன் பதில் அனுப்பினார். காத்திருக்க வேண்டாம் என்று இரண்டாவது செய்தி வந்தது. அதற்கு அவர் பதில் அனுப்பவில்லை. குரல் குழாய் வழியே எந்திர அறையைக் கூப்பிட்டார். “ட்ரெவர், போகச் சொல்லி உத்தரவு வந்தாச்சு. ஆறாம் நம்பர் வரல. குண்டு விழுந்தா மொதல்ல மூழ்கறது கீழ இருக்கற நீங்கதான். அதனால கேக்கறேன். உன் ஆளுங்க என்ன சொல்றாங்க?” எந்திர அறையில் பதினோரு பேர். ட்ரெவர் திரும்பிப் பார்த்தார். நிலக்கரித் தூசியில் முகமே தெரியாத ஒருவர் சொன்னார்: “கொதிகலன் சூடாத்தான் இருக்கு. எங்களுக்கு வேற எங்க போகணும்?” அதை ட்ரெவர் அப்படியே மேலே சொன்னார். கேப்டன் சொன்னார்: “நல்லது. ஆனா நான் உங்களக் கேட்டதா யார்கிட்டயும் எப்பவும் சொல்லக் கூடாது. முடிவு என்னோடது. புரியுதா?”

12. விசாரணையில் கேப்டன் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. எந்திர அறையின் பெயரைச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். ஏனென்றால் அந்தப் பதினோரு பேரில் ஒருவரையும் எவரும் அழைத்து விசாரிக்கவில்லை.

13. ட்ரெவர் அவர்கள் அன்றைய எந்திர அறைக் குறிப்பேட்டின் கைப்படியைத் தன் பெட்டியில் வைத்திருக்கிறார். அதை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். தாங்கள் அருள்கூர்ந்து அதைப் பார்க்க வேண்டும். நங்கூரம் போட்டால் ஆபத்தில் உடனே நகர முடியாது. போடாவிட்டால் நீரோட்டம் இழுத்துவிடும். ஆகவே கேப்டன் கரையில் தெரிந்த தேவாலயக் கோபுரம் ஒன்றைக் குறியாக வைத்துக்கொண்டு, கப்பலைச் சில அடி முன்னும் சில அடி பின்னும் நகர்த்தியே அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார். நான்கு மணி நேரத்தில் எழுபத்து மூன்று முறை. பதினொன்று முப்பத்தைந்துக்கு ‘முழு வேகம் முன்னே’ என்று இருக்கிறது. கரையிலிருந்து இரண்டு குண்டுகள் அருகே விழுந்த நேரம் அது. அதற்கு ஒன்பது நிமிடம் கழித்து ‘முழு வேகம் பின்னே’. குண்டு விழுந்த இடத்தை விட்டுப் போனவர், அதே இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார். வேறு இடத்தில் நின்றால் நாங்கள் தேடி அலைவோம் என்று. இந்த வரியை ரயில் நிலைய சிக்னல் அறையில் அமர்ந்து நகலெடுத்தபோது என் பேனா நின்றுவிட்டது. எழுந்து போய் ஜன்னலருகே சிறிது நேரம் நின்றுவிட்டு வந்துதான் மீதியை எழுதினேன்.

14. திருமதி பரி அவர்களிடம் இதையெல்லாம் சொல்ல ஷீஹியின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: “ஒரு தப்புப் பண்ணிட்டேன் நெஸ்டான்னு மட்டும்தான், தம்பி, என்கிட்ட சொன்னார். மறுபடி அந்த நாள் வந்தாலும் அதே தப்பத்தான் பண்ணுவேன்னும் சொன்னார். என்ன தப்புன்னு கேட்டேன். சொல்லல. அதுக்காக ரெண்டு வருஷம் அவர் மேல கோவமா இருந்தேன். அவர் சாகற வரைக்கும்.” பிறகு என் மணிக்கட்டைத் தன் இரு கைகளிலும் எடுத்து, மருத்துவர் பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “இது அந்தப் படகுல வந்த கையா?” என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் கையை விடவில்லை.

15. எதிர்த்தரப்பு நியாயத்தையும் நான் சொல்லியாக வேண்டும். கட்டளை கட்டளைதான். கப்பலில் அன்று நூற்றெண்பது பேர் இருந்தார்கள். அந்த இரண்டு குண்டுகளில் ஒன்று அவள் மேல் விழுந்திருந்தால், கேப்டன் பரியின் பெயரை நானே சபித்திருப்பேனோ என்னவோ. கண்டித்தவர்கள் தம் கடமையைச் செய்தார்கள். அதை நான் கேள்வி கேட்கவில்லை. கண்டனத்தை அழிக்கும்படி கோரவும் இல்லை. நான் ரயில்வே ஊழியன். எங்கள் சிக்னல் அறையில் ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதமானாலும் ஏட்டில் எழுதுகிறோம். ஆனால் அந்த ஏட்டில் தாமதத்துக்குப் பக்கத்தில் ‘காரணம்’ என்று இன்னொரு பத்தி உண்டு. அதை நிரப்பாமல் விட்டால் என் மேலதிகாரி என்னிடம்தான் விளக்கம் கேட்பார். தங்கள் ஏட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது என்பதே என் குறை.

16. அன்று காயம்பட்டு வந்து உயிர் பிழைத்த இருபத்தைந்து பேரில் பத்தொன்பது பேரை ஐந்து வாரங்களில் தேடிக் கண்டுபிடித்தேன். அவர்கள் படைப்பிரிவுச் சங்கம் உதவியது. போகச் சொல்லி உத்தரவு இருந்தது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மூன்றாவது கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டும். அவர் இடக்கையால் எழுதப் பழகிவருகிறார். பதினோராவது கையெழுத்து, வயிற்றில் காயம்பட்ட அந்தப் பையனுடையது. இப்போது அவருக்கு மீசை இருக்கிறது. ஒரு மகளும் பிறந்திருக்கிறாள். தன் பெயருக்குக் கீழே ஏதோ கிறுக்கியிருப்பதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். அழிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அது ஒரு கப்பலின் படம்.

17. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது: மேற்படி பணி வரலாற்றில் அந்நாளுக்கு எதிரே ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். தங்கள் அலுவலகத்திலிருந்து அந்த வரி முத்திரையோடு வந்தால் கேப்டனின் பெயரைப் பொறிக்கத் தடையில்லை என்று நகரமன்றத் தலைவர் எழுத்தில் உறுதி தந்திருக்கிறார். கல்தச்சர் மே 15ஆம் தேதி வேலையைத் தொடங்குகிறார். கீழே மூன்று அங்குல இடத்தை வெறுமையாக விட்டுவைக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

18. எந்தச் சொற்களில் எழுதுவது என்பது தங்கள் விருப்பம். எங்களுக்குத் தோன்றிய சொற்கள் இவை. கல்லில் பொறிக்கவும் இவையே போதும்:

‘தன் கடைசிப் படகுக்காகக் காத்திருந்தாள். படகு வந்து சேர்ந்தது.’

தங்கள் பதிலை எதிர்நோக்கியிருக்கும்,
இத்ரிஸ் மாடோக்
(கையொப்பம்)

இடம்: போர்த் எல்லின்
நாள்: 19.4.1948

இணைப்புகள்:
1. எந்திர அறைக் குறிப்பேட்டின் நகல், நான்கு தாள்கள். ஓவன் ட்ரெவர் கையொப்பத்துடன்.
2. டான் ஷீஹி, கார்க், எழுதிய கடிதம். அதில் இரண்டு சொற்களை மையால் மறைத்தவன் நான்.
3. பத்தொன்பது கையெழுத்துகள்.
4. எந்திர அறையில் இருந்த பதினோரு பேரின் பெயர்கள். தம்மையும் கண்டிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.